தாய்க்கிராமமும் சேய்க்குடிகளும்: குர்து மலைநாட்டில் ஊர் என்பது எது?

1909-ஆம் ஆண்டில், ஈரானின் மேற்கெல்லையில் உள்ள ஹவ்ராமான் மலைப்பிரதேசத்துக் குகை ஒன்றில், குடியானவன் ஒருவன் கண்டெடுத்த கல் ஜாடிக்குள் மூன்று தோற்சுருள்கள் இருந்தன. குர்து வைத்தியர் ஒருவரின் கைக்கு வந்து, 1913-ல் லண்டன் சேர்ந்து, 1915-ல் எல்லிஸ் மின்ஸ் என்னும் பண்டிதரால் வெளியிடப்பெற்ற அச்சுருள்களில் இரண்டு கிரேக்க மொழியிலும் ஒன்று பார்த்திய மொழியிலும் எழுதப்பட்டவை. மூத்தது ஏறத்தாழக் கி.மு. 88-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இத்தனை நூற்றாண்டுகள் இருளில் பாதுகாக்கப்பட்ட அவை ராஜசாஸனங்களும் அல்ல, யுத்த விருத்தாந்தங்களும் அல்ல. திராட்சைத் தோட்டம் விற்றதற்கான கிரயப் பத்திரங்கள். நிலத்தோடு அதற்குரிய நீரும், போகவர உள்ள பாதையும் சேர்த்தே அங்கு கைமாறுகின்றன. வாங்கியவன் தோட்டத்தைப் பேணாது பாழாக்கினால் அதற்குத் தண்டமும் விதிக்கப்படுகிறது. அக்காலத்தில் அம்மலையில் வாழ்ந்தோரை இன்றைய குர்துகளின் நேர் மூதாதையர் என்று நிச்சயித்துக் கூற அப்பத்திரங்கள் இடம் தரா. ஆயினும், அம்மலையில் மண்ணை மட்டும் தனியே பிரித்து ஒருவன் தன்னுடையதாகக் கொள்ள முடியாது என்பதையும், நீரும் வழியும் உழைப்பும் சேர்ந்தாலன்றி அங்கே நிலம் நிலமாகாது என்பதையும் அவை ஐயத்துக்கு இடமின்றித் தெரிவிக்கின்றன.

துருக்கி, ஈரான், இராக், சிரியா என்ற நான்கு தேசங்களில் பிரிந்து கிடக்கும் குர்து மலைநாட்டின் கிராமத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் வீடுகள் நெருங்கிய ஓரிடத்தையே மனத்திற் கொண்டு எழுதுகிறார்கள். தேசப்படத்தில் ஒரு புள்ளியும், அதன் அருகில் ஒரு பெயரும் இருந்தால் அது ஊர் என்று நாம் திருப்தியடைந்து விடுகிறோம். குர்து கிராமமோ, அதைச் சுற்றிலும் சிதறிய சிற்றூர்களையும், ஆட்டுக்கிடைகளையும், பனி உருகியபின் ஏறிச் செல்லும் மேய்ச்சல் மேடுகளையும் விலக்கிவிட்டால் பொருளற்றுப் போகும் தன்மையது. அந்தப் புள்ளியை மட்டும் கணக்கில் எடுத்துச் சேய்க்குடிகளை விட்டுவிட்ட பிழை அறிஞர் நூல்களோடு நின்றிருந்தால் அதைக் குறித்து இவ்வளவு எழுத வேண்டியதில்லை. வரிவிதிப்பிலும், நிலப்பதிவிலும், ஜனக்கணக்கிலும், ஊரழித்தபோதும், அழித்த ஊருக்கு நஷ்டஈடு அளந்தபோதும் அதே பிழை திரும்பத் திரும்ப நேர்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

பெயர்களிலிருந்து தொடங்குவோம். வடக்குக் குர்துகள் கிராமத்தைக் குந்த் என்கிறார்கள். அதனின்றும் பிரிந்து, ஒரு நீரூற்றையோ ஒரு துண்டு விளைநிலத்தையோ அண்டியிருக்கும் சிறு குடியிருப்பு மெஸ்ரா. மந்தையை அடைக்கும் கிடையும் அதையொட்டிய இரண்டொரு குடிசையும் சேர்ந்தது கோம். எல்லாவற்றுக்கும் மேலே, கோடையில் ஏறிச் சென்று தங்கும் உயர்ந்த மேய்ச்சல் நிலம் ஸோஸான். தமிழில் பட்டி என்னும் சொல் ஆட்டை அடைக்கும் இடத்தையும் சிறிய ஊரையும் ஒருங்கே குறிப்பது போலவே, அங்கே கோம் என்னும் சொல்லும் இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. மந்தை படுத்த இடத்தில் மனிதன் வீடு கட்டினான் என்ற வரலாற்றை இரு மொழிகளும் தத்தம் சொல்லுக்குள் பொதிந்து வைத்திருப்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது.

மெஸ்ரா என்பது அரபு மூலத்தில் விதைக்கப்படும் இடம் என்று பொருள்படும். 16-ஆம் நூற்றாண்டின் ஒட்டோமான் வரிப்பதிவேடுகளில் அச்சொல் நிலையான குடிகள் இல்லாத விளைநிலத்தைக் குறித்தது. சில இடங்களில் குடிகள் கைவிட்டுப்போன பழைய ஊரின் நிலத்தையும் குறித்தது. வீடில்லாவிட்டாலும் விளைச்சல் உண்டு, விளைச்சல் உண்டென்றால் வரியும் உண்டு என்பது சுல்தானின் எழுத்தர்களுக்குத் தெரிந்திருந்தது. பிற்காலத்தில் அவ்விடங்களிற் பல மீண்டும் குடியேற்றம் பெற்றன. தாய்க்கிராமத்தின் நீர் எல்லோருக்கும் போதாமற் போனபோதும், சகோதரர்கள் பாகம் பிரிந்தபோதும், இரத்தப்பழி காரணமாக ஒரு குடும்பம் விலகி வாழ நேர்ந்தபோதும் சேய்க்குடிகள் தோன்றின. ஒரு மெஸ்ராவில் ஐந்து வீடுகளும் இருக்கலாம், முப்பதும் இருக்கலாம். ஆனால் பள்ளிவாசலுக்கும், மயானத்துக்கும், கலியாணப் பேச்சுக்கும், வழக்குத் தீர்க்கவும் அவர்கள் குந்த் என்னும் தாய்வீட்டையே நாடி வந்தார்கள்.

இந்த அமைப்பை ஒன்றாகப் பிணைத்தது வருஷத்தின் சுழற்சி. மார்ச் 21-ஆம் தேதி நவ்ரோஸ் பண்டிகையில் மலையுச்சிகளில் தீ மூட்டி வசந்தத்தை வரவேற்கும் காலத்தில், தாழ்ந்த சரிவுகளில் பசும்புல் தலைகாட்டத் தொடங்கும். குட்டிகள் நடக்கத் தேறியதும், மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ, குடும்பத்தில் ஒரு பகுதியார் வெள்ளாட்டு மயிரால் நெய்த கருங்கூடாரங்களைச் சுமந்து ஸோஸானுக்கு ஏறுவார்கள். மற்றொரு பகுதியார் கோதுமைக்கும் பார்லிக்கும் கொடித்தோட்டத்துக்கும் காவலாகக் கீழே தங்குவார்கள். மேலே சென்றவர்களில் அதிக உழைப்பு பெண்களுடையது. குறித்த நேரத்தில் மந்தை திரும்பும் இடத்துக்கு அவர்கள் பாத்திரங்களோடு கூட்டமாகச் சென்று பால் கறப்பார்கள். பால்கறக்கும் பெண்ணைக் குறிக்கும் பேரிவான் என்ற சொல்லைக் குர்துகள் தங்கள் பெண்மக்களுக்குப் பெயராகவே சூட்டுவதிலிருந்து அத்தொழிலின் கௌரவத்தை உணரலாம். கறந்த பாலைத் தயிராக்கி, ஆட்டுத்தோலால் ஆன பையிலிட்டு, மரக்காலிற் கட்டித் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் அசைத்துக் கடைந்து வெண்ணெய் எடுப்பதும், மலையிற் பறித்த காட்டுப்பூண்டு முதலிய கீரைவகைகளைச் சேர்த்துப் பாலாடைக்கட்டி செய்வதும், அதை ஜாடியிலடைத்து மண்ணில் புதைத்து மாரிக்குச் சேமிப்பதும் அவர்கள் கைக்காரியங்கள். செப்டம்பரில் மந்தை இறங்கும்போது, கீழே திராட்சையும் அக்ரோட்டும் பக்குவப்பட்டிருக்கும். அவித்துலர்த்திய கோதுமை மொட்டைமாடிகளில் பொன்னாகப் பரந்து கிடக்கும்.

அம்மொட்டைமாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். பாப்ளர் மர உத்திரங்களின்மேல் கிளைகளும் மண்ணும் பரப்பி அமைத்த தட்டையான கூரை அது. மழையும் பனியும் ஒழுகாமல் இருக்க, ஒவ்வொரு கூரையிலும் ஒரு கல் உருளை கிடக்கும், அதை உருட்டி மண்ணைக் கெட்டிப்படுத்துவார்கள். ஹவ்ராமானின் செங்குத்தான சரிவுகளில், சாந்து பூசாத கருங்கல் அடுக்கால் கட்டிய வீடுகளில், கீழ்வீட்டின் கூரையே மேல்வீட்டின் முற்றமாக அமைகிறது. அயலானுடைய கூரையின்மீது நடக்காமல் தன் வாசலை அடைய ஒருவனுக்கும் வழியில்லை. 2021-ல் யுனெஸ்கோ இப்பிரதேசத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தபோது, 12 கிராமங்களோடு அவற்றின் படிக்கட்டு வயல்களையும், மலையேறி இறங்கும் பருவ வாழ்வையும் சேர்த்தே மதித்தது. வீடுகளை மட்டும் தனிச்சின்னமாகக் கொள்ளாத அம்மதிப்பீடு மிகவும் யுக்தமானது என்பது என் அபிப்பிராயம்.

காட்டுக்கும் இக்கணக்கில் பங்குண்டு. ஈரானிய குர்திஸ்தானத்தின் பானே வட்டாரத்தில் கருவாலி மரங்களின் கிளைகளைக் கோடை முடிவில் தழையோடு வெட்டி, மரத்தின் கவையிலேயே போர் போல அடுக்கி வைத்து, பனிக்காலத்தில் ஆடுகளுக்கு இடுவார்கள்; கலாஸனி என்பது அவ்வழக்கத்தின் பெயர். ஒரு மரத்தை வெட்டினால் மூன்று நான்கு ஆண்டுகள் ஓய்வு கொடுத்த பின்னரே மீண்டும் வெட்டுவார்கள். எந்தச் சரிவு எந்தக் குடும்பத்தினுடையது என்பது எழுதப்படாத ஆயினும் எவராலும் மீறப்படாத விதி. 1963-ல் ஈரானிய அரசு காடுகள் யாவற்றையும் தேசவுடைமையாக்கியது. சட்டப்படி அன்று முதல் அம்மரங்கள் ராஜ்யத்தின் சொத்து; வழக்கப்படி இன்றும் அவை ஊராருடையவை.

இவ்விரண்டு உரிமைகளுக்கும் இடையே உண்டான பிளவு 1963-க்கு மிக முந்தியது. 1858-ல் ஒட்டோமான் அரசு இயற்றிய நிலச்சட்டம், நிலத்தை உழுபவன் பெயரிலேயே பதிவு செய்வதை நோக்கமாகக் கொண்டிருந்தும், பட்டாளத்துக்கு ஆள்பிடிப்பார்கள் என்ற பயத்தாலும், வரி பெருகும் என்ற அச்சத்தாலும், எழுத்தறியாமையாலும் குடியானவர்கள் ஒதுங்கி நிற்க, ஆகா என்னும் கூட்டத்தலைவர்களும் ஷேக் என்னும் மதகுருமார்களும் ஊர் ஊராகத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள். கூட்டத்தின் பொதுமேய்ச்சல் ஒரு மனிதனின் சொத்தாக மாறியது. பின்னர் 1924-ல் துருக்கிக் குடியரசு இயற்றிய 442-ஆம் எண் கிராமச்சட்டம், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், புல்வெளி, கோடை மேய்ச்சல், விறகுக்காடு போன்ற பொதுவுடைமைகளை உடையவர்களாய், நெருங்கியோ சிதறியோ அமைந்த வீடுகளில் வாழும் மக்கள், தங்கள் கொடித்தோட்டங்களோடும் வயல்களோடும் சேர்ந்து ஒரு கிராமமாவார்கள் என்று வரையறை செய்தது. சிதறிய வீடுகளும் கோடை மேய்ச்சலும் அவ்வரையறைக்குள் இடம்பெற்றிருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும். சட்டத்தை இயற்றியவர்கள் மலையின் ஸ்வபாவத்தை அறிந்தே இயற்றியிருக்கிறார்கள். பின்வந்த நிர்வாகமே அதை மறந்தது.

அறிஞர்கள் இக்கிராமங்களை எவ்வாறு கண்டார்கள் என்று சுருக்கமாகப் பார்க்கலாம். 1938-ல் எட்மண்ட் லீச் இராக்கின் ரவாந்தூஸ் மலையில் சில வாரங்களே தங்கி எழுதிய சிறுநூல் 1940-ல் வெளிவந்தது. 1951-ல் அங்கு சென்ற நார்வே நாட்டவரான பிரெட்ரிக் பார்த், தெற்குக் குர்திஸ்தானத்தில் குலமரபால் பிணைந்த ஊர்களும், நிலக்கிழாரின் கீழ் குத்தகையாளர் வாழும் ஊர்களும் அடிப்படையிலேயே வெவ்வேறு அமைப்புடையவை என்று நிறுவினார். 1957-ல் தோகான் அணை கட்டப்பட்டபோது, நீரில் மூழ்கவிருந்த சமவெளியின் தொல்பொருள்களை ஆராயச் சென்ற டேனிஷ் குழுவைச் சார்ந்து அங்கு வாழ்ந்த ஹென்னி ஹரால்ட் ஹான்ஸன், ஆண் ஆராய்ச்சியாளர் எவரும் புக இயலாத பெண்களின் முற்றங்களுக்குள் புகுந்து எழுதினார். மூவரிலும் கிராமத்தின் மூச்சை நெருங்கி உணர்ந்தவர் அவரே என்று நான் கருதுகிறேன். டச்சு அறிஞர் மார்ட்டின் வான் புருயினஸன் 1970-களில் நான்கு தேசங்களின் குர்துகளிடையே சென்று, ஆகாவும் ஷேக்கும் ராஜ்யமும் ஒன்றையொன்று எவ்வாறு வளர்த்தன என்று விரிவாக ஆராய்ந்தார். இவ்விடத்தில் நமக்கு அண்மையான ஒரு செய்தி: ரவாந்தூஸில் போதிய காலம் தங்க வாய்ப்பில்லாது போன அந்த லீச்தான் பிற்காலத்தில் இலங்கைக்கு வந்து, அநுராதபுரப் பிரதேசத்தின் குளத்துப் பாசனச் சிங்களக் கிராமமான புல் எலியாவை ஆராய்ந்து, உறவுமுறை என்பது நிலத்தையும் நீரையும் பற்றிப் பேசும் ஒரு பாஷையே என்ற முடிவுக்கு வந்து, 1961-ல் பெரிய நூலாக வெளியிட்டார். குர்து மலையில் தொடங்கிய வினாவுக்கு அவர் ஈழத்துக் குளக்கரையில் விடை கண்டார் எனலாம்.

இனி, சொல்லத் தயங்கும் பகுதி. 1975 மார்ச்சில் அல்ஜியர்ஸில் ஈரானும் இராக்கும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, இராக்கிய அரசு எல்லையோரக் குர்துக் கிராமங்களைக் காலிசெய்யத் தொடங்கி, மக்களை நெடுஞ்சாலையோரங்களில் முஜம்மா என்னும் கூட்டுக்குடியிருப்புகளில் அடைத்தது. 1987 ஜூன் மாத ஆணைகள் தடைசெய்யப்பட்ட பிரதேசங்களில் காணப்படும் மனிதரையும் விலங்கையும் கொல்லப் படைகளுக்கு அனுமதி தந்தன. அதே வருஷம் அக்டோபர் 17-ல் நடந்த ஜனக்கணக்கில், அப்பிரதேசங்களில் வாழ்ந்தோர் ஊரைத் துறந்து அரசின் வசமுள்ள இடத்துக்கு வந்து தம்மைப் பதிந்துகொள்ளாவிட்டால் குடியுரிமையை இழப்பார்கள் என்று அறிவிக்கப்பட்டது. ஊரில் இருப்பவன் கணக்கில் இல்லை. கணக்கில் இருக்க விரும்புகிறவன் ஊரில் இருக்கக்கூடாது. 1988 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை எட்டுக் கட்டங்களாக நடந்த அன்ஃபால் என்னும் படையெடுப்பு அக்கணக்கைச் செயலில் முடித்தது. 50,000-க்குக் குறையாதவர்கள், ஒருக்கால் 100,000 பேர் வரை மாண்டனர் என்று மனித உரிமை ஆராய்ச்சியாளர்கள் 1993-ல் மதிப்பிட்டார்கள். குர்துகள் கூறும் தொகை 182,000.

தோஹூக் பிரதேசத்தின் கொரேமே என்ற கிராமத்தை எடுத்துக்கொள்வோம். 1988 ஆகஸ்ட் இறுதியில் இறுதிக் கட்டத் தாக்குதல் நெருங்கியபோது, அவ்வூரார் துருக்கி எல்லையை நோக்கி ஓடினர். வழி அடைபட்டதால் 28-ஆம் தேதி திரும்பி வந்து சரணடைந்தனர். படைவீரர்கள் 33 ஆண்களையும் பையன்களையும் பிரித்து வரிசையாக உட்காரவைத்துச் சுட்டார்கள். 27 பேர் அங்கேயே இறந்தனர். மற்றவர்களிற் பலர் எர்பிலுக்கு அருகே, நிழலோ சுவரோ இல்லாத கட்டாந்தரையில் கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள், ஊர் தரைமட்டமாக்கப்பட்டது. அதற்கு மூன்று நாட்களுக்கு முன், ஆகஸ்ட் 25-ல், சற்றுத் தொலைவில் உள்ள பிர்ஜின்னி என்ற சிறு ஊரின்மேல் விமானங்கள் விஷவாயுக் குண்டுகளை வீசியிருந்தன. 1992-ல் கிளைட் ஸ்னோ என்ற தடயவியல் அறிஞரின் குழு கொரேமேயின் புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளை ஆராய்ந்தது. பிர்ஜின்னியின் மண்ணை இங்கிலாந்தில் பரிசோதித்தபோது, சாரின், கடுகுவாயு ஆகியவற்றின் எச்சங்கள் ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் அதில் இருந்தன. சின்னஞ்சிறு ஊரின் மண் தனக்கு நேர்ந்ததைத் தன்னுள்ளேயே பத்திரப்படுத்தி வைத்திருந்தது; அதை எடுத்து ஆராய யாரேனும் நடந்து போகவேண்டியிருந்தது, அவ்வளவே.

1991-க்குப் பிறகு ஏராளமான கிராமங்கள் மீண்டும் கட்டப்பட்டன. ஆனால் கல்லும் மண்ணும் திரும்பிய வேகத்தில் கழனி திரும்பவில்லை. ஒரு தலைமுறை முஜம்மாக்களில் கூலிக்கும் ரேஷனுக்கும் பழகிவிட்டது. எண்ணெய்க்கு உணவு என்ற ஐக்கிய நாடுகள் திட்டம் 1990-களின் பிற்பகுதியில் வெளிநாட்டுக் கோதுமையை வீடுதோறும் விநியோகித்தபோது, பட்டினி தீர்ந்தது மெய். அதே நேரத்தில், மலையில் விளைந்த கோதுமையை வாங்குவாரும் இல்லாமற் போயினர்.

துருக்கியில் நடந்தது வேறு விதம். 1984-ல் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி ஆயுதப் போராட்டம் தொடங்கியது. மறுவருஷமே கிராமச்சட்டத்தைத் திருத்தி, அரசு ஊராருக்குத் துப்பாக்கியும் சம்பளமும் தந்து ஊர்க்காவலராக்கும் ஏற்பாட்டைச் செய்தது. காவலராகச் சம்மதித்தால் போராளிகளின் பகை. மறுத்தால் அரசின் சந்தேகம். போராளிகள் காவலர் குடும்பங்களைப் பெண்கள் குழந்தைகளென்றும் பாராது கொன்ற சம்பவங்களும் உண்டு. அவற்றை மறைத்து எழுதுவது தர்மமாகாது. இந்நெருக்கடியில் முதலில் விழுந்தவை மெஸ்ராக்கள். ஐந்தாறு வீடுகள் உள்ள சேய்க்குடி தன்னைத்தானே காத்துக்கொள்ள முடியாது. இரவில் கதவைத் தட்டுகிறவனுக்கு ரொட்டி தரமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. 1998-ல் துருக்கிப் பாராளுமன்றக் குழுவே வெளியிட்ட கணக்கின்படி 905 கிராமங்களும் 2,523 சேய்க்குடிகளும் காலியாகி, 378,335 பேர் இடம்பெயர்ந்தனர். 2006-ல் ஹஜெத்தெப்பே பல்கலைக்கழகம் செய்த ஆராய்ச்சி, பெயர்ந்தோர் தொகை 953,680-க்கும் 1,201,200-க்கும் இடைப்பட்டது என்று மதிப்பிட்டது. முதற்கணக்கில் ஒரு கிராமத்துக்கு ஏறக்குறைய மூன்று சேய்க்குடிகள் வீதம் வெறுமையானதை நோக்கினால், இடிந்தது ஊர்கள் மட்டுமல்ல, ஊரையும் மலையையும் இணைத்த கண்ணிகளே என்பது புலப்படும்.

நஷ்டஈடு கேட்கப் புகுந்தபோது பழைய பிழை மீண்டும் தலைதூக்கியது. துன்செலி மாகாணத்தின் ஹொஸாத் வட்டத்தைச் சேர்ந்த போய்தாஷ் என்பது, மலைச்சரிவுகளில் சிதறிய சேய்க்குடிகளும் வீடுகளுமாக அமைந்த, விளைநிலம் குறைந்த ஊர். 1994 அக்டோபரில் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட 15 பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், பட்டா இல்லாதவர்களுக்குச் சொத்து ஏது என்று அரசுத்தரப்பில் வாதிக்கப்பட்டது. 2004 ஜூன் 29-ல் வந்த தீர்ப்பு அவ்வாதத்தை ஏற்கவில்லை. தகப்பன் நிலத்தில் கட்டிய வீடும், ஊர்ப் பொதுவான புல்வெளியிலும் மேய்ச்சலிலும் காட்டிலும் எதிர்ப்பின்றி அனுபவித்துவந்த உரிமையும், ஆடுமாடு வளர்த்தும் மரம் வெட்டியும் பெற்ற வருவாயும் சேர்ந்து அவர்களுடைய உடைமையே என்று நீதிபதிகள் தீர்மானித்தார்கள். ஹவ்ராமானின் தோற்சுருளில் நீரும் வழியும் தோட்டத்தோடு சேர்த்து எண்ணப்பட்டதற்கும் இத்தீர்ப்புக்கும் இடையே இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேல் கழிந்திருக்கின்றன; நெடுங்காலத்துக்குப் பின், அதிகாரபூர்வமான ஓர் ஏடு ஊரை ஊர் இருந்தபடியே வாசித்தது. அதே ஆண்டு ஜூலையில் துருக்கி 5233-ஆம் எண் நஷ்டஈட்டுச் சட்டத்தை இயற்றி, மாகாணந்தோறும் மதிப்பீட்டுக் குழுக்களை அமைத்தது.

பெயர்மாற்றம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி அமைவேன். 1935-ல் தெர்ஸிம் துன்செலி ஆனது. அதற்குப்பின் துருக்கியில் 12,000-க்கு மேற்பட்ட கிராமங்களுக்கு அரசு புதுப்பெயர் சூட்டியது. எனவே ஓர் ஊருக்கு அஞ்சலுக்கு ஒரு பெயரும் அடுப்பங்கரைக்கு ஒரு பெயருமாக இரண்டு பெயர்கள். எல்லைகளோ இன்னும் கொடியவை. 1926-ல் துருக்கிக்கும் இராக்குக்கும் இடையே எல்லை நிர்ணயமானபோது, மேய்ச்சல் பாதைகள் நடுவே அறுபட்டன. முன்பு மந்தை ஓட்டிய வழியில் இப்போது சரக்குச் சுமக்கிறார்கள். ஈரானிய எல்லையில் முதுகுச்சுமையோடு பனிக்கணவாய்களைக் கடப்பவர்களைக் கோல்பர் என்கிறார்கள். எல்லைக்காவலரின் குண்டுக்கும் பனிச்சரிவுக்கும் அவர்கள் இரையாவது ஆண்டுதோறும் நிகழ்கிறது. 2011 டிசம்பர் 28-ல், துருக்கியின் ரொபோஸ்கி ஊரைச் சேர்ந்தவர்கள் கோவேறு கழுதைகளில் டீசல் ஏற்றிவந்தபோது விமானக் குண்டுவீச்சில் 34 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் பள்ளிப் பருவத்தினர்.

இன்று மெஸ்ராக்களின் நிலை என்ன? நகரத்துக்குப் பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே தொழில்பார்த்து, அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். திரும்பிவா என்று சொல்வதற்குப் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் மலையில் இல்லை. சிதறிய குடிகளுக்குச் சாலையும் மின்சாரமும் கொடுப்பது வீண்செலவு என்று கருதி, அவர்களை நடுவூர்களில் திரட்டிக் குடியேற்றும் யோசனையைத் துருக்கி அரசு முன்வைத்ததுண்டு. மந்தையை வீட்டினின்றும், வீட்டை ஊற்றினின்றும் பிரித்துவிட்டு, எஞ்சியதைக் கிராமம் என்று அழைப்பதற்கு ஒப்பானது அது. ஆயினும் மக்கள் தாமாகவே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். தியார்பக்கிர் நகரத்தின் அடுக்குமாடிகளில் மாரிக்காலத்தைக் கழித்த முதியவர்கள், மே மாதம் பிறந்ததும் பேரன் பேத்திகளில் ஒருவர் இருவரை உடனழைத்துக்கொண்டு பழைய ஊருக்கு ஏறுகிறார்கள். இடிந்த சுவரின்மேல் தகரம் வேய்ந்து, தக்காளியும் அவரையும் நட்டு, தேனீப்பெட்டிகளை வைத்து, பனி விழுமுன் மீண்டும் இறங்குகிறார்கள். முன்னாளில் குளிர்கால ஊராயிருந்த குந்த் இப்பொழுது ஸோஸான் ஆகிவிட்டது. அடுக்குமாடி வீடு குந்தின் ஸ்தானத்தை ஏற்றுக்கொண்டது. ஏறியவுடன் அவர்கள் கைவைக்கும் முதல் வேலை கூரையும் அல்ல, வேலியும் அல்ல. குளிர்காலத்தில் கல்லும் சருகும் அடைத்துக்கொண்ட ஊற்றுவாய்க்காலை மண்வெட்டியால் தூர்வாரி, நீரைத் தோட்டத்துக்குத் திருப்புவது.